மரியாதை மீன்

விதி இதுதான். கல்யாணம் ஆன ஆணாக இருக்க வேண்டும். ஊரில் குடியிருக்க வேண்டும். ஊர் வரி கட்ட வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடக்க வேண்டும். இந்த நான்கும் பொருந்துகிறவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டாக இருப்பவன் பெயர் சீட்டில் இருந்தாக வேண்டும். விதிவிலக்கு கிடையாது.

இது எந்த அரசிதழிலும் வெளியானதில்லை. யாரும் இதை எழுதி வைத்ததாகவும் தெரியவில்லை. ஆனால் வருவாய்த் துறையில் என் உத்தியோக காலம் முழுவதும் நான் கையாண்ட அரசாணைகளைவிட இது ஒழுங்காக அமலில் இருந்தது.

சீட்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் மட்டும், கடல் தண்ணீர் ஏறி இறங்கும்போது, கூட்டமாக வரும். அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டப் போனால் முதலில் வலைகள் சிக்கிக்கொள்ளும், அடுத்து ஆட்கள் சிக்கிக்கொள்வார்கள். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி கழிந்ததும், அம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்தப் பாடு, எந்த முறை என்று தீர்த்துக்கொள்வார்கள். சீட்டில் பெயர் இல்லாதவன் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று எதையாவது தடவிப் பிடிக்கலாம். பாடுகளின் பக்கம் அவன் படகு போகக் கூடாது. ஊர்க் கூட்டத்தில் அவன் வாய் திறந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதும் கிடையாது.

நான் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றுப் பழவேற்காட்டில் குடியேறியிருந்த சமயம். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கோயில் திருப்பணிக் கமிட்டி. அதில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள், யாரும் இடம் காலி செய்கிற மாதிரி தெரியவில்லை. இன்னொன்று, முன்னாள் படைவீரர்களுக்கு உதவுவதற்காக நாங்களாகவே வைத்துக்கொண்ட ஒரு குழு. அதன் தலைவர் ஜவுளிக் கடை பாய். பழைய வியாபாரக் குடும்பம், நல்ல மனிதர். அவரைத் தலைவராக்கியதற்குக் காரணம் அதுவல்ல. அவர் கடைக்குப் பின்னால் மின்விசிறியோடு ஓர் அறை இருந்தது. நான் செயலாளர். மற்ற உறுப்பினர்கள் கொடி நாளன்று குரூப் போட்டோவுக்கு வருவார்கள்.

சனிக்கிழமைகளில் பழைய சிப்பாய்கள் அந்த அறைக்கு வருவார்கள். நான் மனு எழுதுவேன், பாய் டீ வரவழைப்பார். ஆரம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி ஒரு கிழவர் வருவார். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் சமையல்காரராக இருந்தவர். வருஷம் ஒருமுறை, தாம் உயிரோடிருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் அது தாமதமாகிவிட்டதால் அவரை இறந்தவராகக் குறித்துவிட்டார்கள். மறுபடி உயிர் கொடுப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. "ஜப்பான்காரன் குண்டு போட்டும் சாவல சார். நம்ம குமாஸ்தா ஒரே கையெழுத்துல முடிச்சிட்டான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எழுத்தராக இருந்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

ஹவில்தார் அந்த அறைக்கு முதலில் வந்தது கை விஷயமாக. தோணிரேவிலிருந்து படகில் போக வேண்டிய ஒரு சிறிய குப்பத்துக்காரர். குப்பத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குப்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒரே ஆள் அவர். மீசை அரும்பிய வயதில் போனார். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இடது கையில் இரண்டு விரல்களை விட்டுவிட்டு, பிறகும் சில வருஷம் பண்டகசாலையில் இருந்து, 1979 ஆடிச் சீட்டு முடிந்த கையோடு ஓய்வூதியத்தோடு திரும்பியிருந்தார். அவருடைய மருத்துவச் சான்றில் வலது கை என்று இருந்தது.

"இதுக்கோசரம் அந்தக் கையையும் வெட்டிக்க முடியுமா சார்?" என்றார்.

"வேண்டாம். திருத்தம் கோரி மனு கொடுக்கலாம்" என்றேன். அவர் கேலிக்குக் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. திருத்தம் வந்தது. அதனால் எங்கள் குழுவின் மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த நம்பிக்கைதான் தொடக்கம்.

1979 டிசம்பரில், கொடி நாளை ஒட்டி, அவருடைய குப்பத்திலேயே அவரைக் கௌரவிப்பதென்று குழு தீர்மானித்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் பாய், வழிமொழிந்தவன் நான். வேறு யாரும் அன்று வரவில்லை. ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை, பையில் எலுமிச்சம்பழங்கள் என்று படகில் போனோம். அம்மன் கோயில் முன்னால் ஜமக்காளம் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. பாய் பேசினார். காற்று கிழக்கேயிருந்து மேற்கே அடித்துக்கொண்டிருந்ததால் அவருடைய பேச்சில் பெரும்பகுதி ஏரிக்குப் போய்விட்டது. எல்லை, பனி, தியாகம் என்ற மூன்று வார்த்தைகள் மட்டும் கரையில் தங்கின. ஹவில்தார் விறைப்பாக நின்று சால்வையை வாங்கிக்கொண்டார். அவருடைய மனைவி பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து, அடக்க முடியாத சந்தோஷத்தை அடக்குவதற்காக முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அப்போது பெரியதனக்காரர் எழுந்தார். ஊர்த் தலைவருக்கு அங்கே அதுதான் பட்டம். வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் படகேறி வந்து தம் ஊர்ப் பிள்ளைக்கு மரியாதை செய்யும்போது ஊர் சும்மா இருப்பது அழகல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"பட்டணத்துக்காரங்க துணி போத்துனாங்க. நாம இன்னா, சும்மா குந்திகினு கை தட்டறதா? இன்னிலேர்ந்து ஹவில்தாரு ஊட்டுக்கு ஊரு மரியாதை மீன் போவும். படகு கரைக்கு வந்தா, அம்மனுக்கு எடுத்து வெச்ச கையோட, அவருக்கும் ஒரு கை. இன்னா சொல்றீங்கோ?"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். கை தட்டினார்கள். பாயும் தட்டினார். நான் நடவடிக்கைக் குறிப்பில் 'பலத்த கரவொலி' என்று எழுதினேன். ஹவில்தாரும் சிரித்தார். அவர் ஊரை விட்டுப் போனபோது வயது குறைவு. எந்த மரியாதைக்கு என்ன பொருள் என்பதெல்லாம் மீசை நன்றாக வளர்ந்த பிறகு தெரிந்துகொள்கிற விஷயங்கள்.

ஆடி வந்தது, போனது. சீட்டுக் குலுக்கினார்கள். மறு சனிக்கிழமை ஹவில்தார் வந்து, டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் பேரு போடல சார்."

"ஏன்?"

"மரியாதை மீன் வாங்கறவங்க வலை தொடக் கூடாதாம். அவங்கள வேலை செய்ய வுட்டா ஊருக்குப் பாவமாம்."

"இதை யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது. எங்க மாமன் சொல்றாரு. எனக்கு மட்டும்தான் தெரியல."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட அல்லாவே! நானும் கை தட்டினேனே!"

நானும் தட்டியிருந்தேன். ஆனால் நடவடிக்கைக் குறிப்பில் தனிநபர் பெயர்கள் இல்லை.

அடுத்த நாள் நானே படகேறிக் குப்பத்துக்குப் போனேன். பெரியதனக்காரர் வலைக்கு ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்தார். மரியாதை மீன் இதுவரை யார் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டேன். முன்னுதாரணம் தெரியாமல் நான் எந்தக் கோப்பையும் தொட்டதில்லை.

"அம்மனுக்கு" என்றார்.

"அப்புறம்?"

"பூசாரிக்கு."

"வேறு?"

"எங்க தாத்தா காலத்துல ஒரு கிழவன் இருந்தானாம். புயல்ல மூணு படக இட்டுனு வந்தவன். கண்ணு போச்சு. அவனுக்குக் குடுத்தாங்களாம், சாவற வரைக்கும்."

"அம்மன் மீன் பிடிப்பதில்லை. பூசாரி பிடிப்பதில்லை. கண் தெரியாதவர் பிடிக்க முடியாது. இவர் பிடிப்பார். இவருக்கு எப்படிப் பொருந்தும்?"

"பொருந்துதோ இல்லியோ, குடுத்தாச்சே சார்."

"ரத்து செய்யுங்கள்."

அவர் ஈயக் குண்டைக் கீழே வைத்தார். "அம்மனுக்குச் சமமா வெச்சுட்டு, நாளைக்கு இல்லன்னு சொன்னா, அம்மனுக்குக் குடுக்கறதையும் ஒரு நாளு நிறுத்துவாங்கன்னு ஆவாதா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி, வஞ்சகமில்லாமல் அவரே சொன்னார்: "ஒரு தலை கூட ஏறுனா எல்லாருக்கும் முறை தள்ளிப் பூடும் சார். மீனுன்னா ஆளுக்கு ஒரு கை. யாருக்கும் நோவாது."

மரியாதையின் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அங்கே நான் கவனித்த இன்னொன்று. ஹவில்தாரோடு சின்ன வயதில் ஏரியில் குதித்து விளையாடியவர்கள் எல்லாம் அவரைக் கண்டதும் எழுந்து நின்று 'வாங்க' என்றார்கள். சீட்டாடுகிற இடத்தில் அவர் போய் உட்கார்ந்தால் பீடியை அணைத்தார்கள். பட்டாளத்தில் அவருக்கு மேலே இருந்தவர்களுக்கு அவர் செய்ததை எல்லாம் ஊர் இப்போது அவருக்குச் செய்துகொண்டிருந்தது. அவர் வலை ஒன்றைப் புதிதாகக் கட்டி, கூரையில் செருகி வைத்திருந்தார். அது அங்கேயே இருந்தது.

மீன் மட்டும் தவறாமல் போயிற்று. ஒவ்வொரு படகிலிருந்தும் ஒரு கை. மடவை, கெளுத்தி, நண்டு, பருவத்தில் இறால். அதை விற்கக் கூடாது. அம்மன் பங்கை விற்பது போல ஆகும். கருவாடு போடவும் கூடாது. போட்டால் விற்கத்தான் என்று சொல்வார்கள். ஹவில்தாரின் மனைவி மீன் கூடையோடு பஸ்ஸில் திருப்பாலைவனம் வரை போய் வீடு வீடாக விற்று வளர்ந்தவர். இப்போது அவர் வாசலில் மீன் கொட்டிக் கிடந்தது, கூடை கவிழ்ந்து கிடந்தது. ஒரு சனிக்கிழமை அந்தக் கூடையில் நிறைய மீனை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"இந்தாங்க சார். நீங்க பண்ண புண்ணியம், நீங்களே துன்னுங்க."

"ஒரு வேளைக்கு இவ்வளவு எதற்கம்மா?"

"எனக்கு மட்டும் எத்தினி வயிறு கீது? பூனைங்க கூட எங்க ஊட்டாண்ட வர்றதில்ல. அலுத்துப் போச்சு அதுங்களுக்கு."

பாய் சமாதானமாக, "ஊரே மதிக்குதேம்மா. யாருக்குக் கிடைக்கும்?" என்றார்.

"மதிக்கறாங்க பாய், நல்லா மதிக்கறாங்க. கொழாயடியில நான் போனா வழி வுட்டு ஒதுங்கறாளுங்கோ. ஒருத்தி என்னாண்ட சண்டைக்கு வர்றதில்ல. சண்டை போட்டு ஒரு வருசம் ஆவுது. வாயே துருப் புடிச்சிப் பூட்டுது. பூசாரி பொண்டாட்டி கூட என்னிய வுட நல்லா வாழறா, அவளுக்கு பூ விக்கற காசாச்சும் வருது." பிறகு கூடையைக் கவிழ்த்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "அந்தாளு பதினஞ்சு வருசமா என்னாண்ட எழுதுன லெட்டர்ல எல்லாம் ஒரே பாட்டு. வந்து வலை கட்டுவேன், வந்து வலை கட்டுவேன். இப்போ காலையில எழுந்து கரையில நின்னுகினு, போற படகாண்டல்லாம் சல்யூட் வாங்கினு கீறாரு. பாக்கவே முடியல சார்."

மீனைப் பாயும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். சட்டப்படி அது கையூட்டு ஆகுமா என்று யோசித்தேன். நான் ஓய்வு பெற்றவன், ஆகாது.

மனுக்களைத் தொடங்கினேன். முதலில் மாவட்ட அளவில், படைவீரர் நலனைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு. ஒரு முன்னாள் படைவீரருக்கு அளிக்கப்பட்ட கௌரவம் அவரது தொழில் உரிமைக்கு இடையூறாக இருப்பின் அதை விலக்கிக்கொள்ள வழி உண்டா என்று. அங்கிருந்து பதில் வந்தது. பாராட்டுக் கடிதம். ஒரு மீனவ கிராமம் படைவீரர் ஒருவருக்கு நாள்தோறும் மீன் வழங்கிவருவது போற்றத்தக்கது என்றும், பிற கிராமங்களும் இதைப் பின்பற்ற எங்கள் குழு முயல வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். என் கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் படித்திருக்கிறார்கள். நானும் உத்தியோகத்தில் அப்படித்தான் படித்தேன், ஆகவே குறை சொல்லவில்லை. பாய் அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்து, அதிகாரம் உள்ள இடத்துக்கே எழுதினேன். பெறுநர், பெரியதனக்காரர். பொருள், தலைக்கட்டுச் சீட்டில் பெயர் சேர்த்தல். பார்வை, ஊர் வழக்கம். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. ஒப்புகை அட்டை அழகான கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் கையெழுத்து வந்தது, பதில் இல்லை. இரண்டாம் நினைவூட்டுக்குப் பிறகு அவரைச் சந்தையில் பிடித்தேன்.

"பதில் போடவில்லையே?"

"போட்டேனே சார். ஒவ்வொரு தபாவும் கையெழுத்துப் போட்டுத் தபால்காராண்ட குடுத்தேனே."

"அது கிடைத்ததற்கு அடையாளம்."

"ஆமா. கெடச்சுதுன்னு சொல்லிட்டேன். வேற இன்னா வேணும்?"

கூட்டம் கூடி முடிவு செய்யாமல் தாம் ஒருவராகப் பதில் சொல்ல முடியாது என்றும், எல்லாத் தலைக்கட்டும் வந்தால்தான் கூட்டம் என்றும், காற்று நன்றாக இருந்தால் ஆட்கள் ஏரியில் இருப்பார்கள், நன்றாக இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்றும் விளக்கினார். எங்கள் ஆபீசில் இதற்குப் பரிசீலனையில் உள்ளது என்று பெயர்.

இப்படி மாதங்கள் போயின. ஹவில்தார் சனிக்கிழமைகளில் வருவதைக் குறைத்துக்கொண்டார். சென்னையில் ஏதோ கம்பெனியில் காவல்காரர் வேலைக்குக் கேட்டிருப்பதாகப் பாய் சொன்னார். "அவர் போய்ட்டா அப்புறம் திரும்பி வர மாட்டார் சார். ஒரு தடவை திரும்பி வந்ததுக்கே இந்தப் பாடு." பாயின் கணிப்பு சரி என்றே எனக்கும் பட்டது. குப்பத்தில் குடியிருப்பு இல்லாமல் போனால் விதியின் இரண்டாவது நிபந்தனையும் போய்விடும். அப்புறம் என் மனுவுக்கு நிற்க இடமில்லை.

அந்தச் சமயத்தில்தான் சண்டை வந்தது. ஹவில்தாரின் மச்சான் படகைக் கட்டுகிற முளையைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டார். ஹவில்தார் தட்டிக் கேட்டார். பேச்சு முற்றி இருவரும் கரையில் கட்டிப் புரண்டார்கள். அதிசயமாக, அன்று காற்று சரியாக இருந்தும் கூட்டம் கூடியது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெண்டம் போட்டார்கள், கோயிலுக்கு விளக்கெண்ணெய். ஹவில்தாருக்கு ஒன்றுமில்லை.

புருஷனும் பெண்டாட்டியுமாக அறைக்கு வந்தார்கள். ஹவில்தாரின் புருவத்தில் வெட்டுக் காயம். இத்தனை நாளில் அவர் முகத்தில் இப்போதுதான் உயிர் தெரிந்தது, கோபத்தில்.

"மொதல்ல அடிச்சது நான் சார். நான்தான்னு கூட்டத்துல நின்னு சொன்னேன். எனக்கும் போடுங்கன்னேன். போட மாட்டேன்னுட்டாங்க!"

"எப்படிப் போடுவாங்க?" என்றார் மனைவி. "அம்மனுக்குத் தெண்டம் போடுவாங்களா? தலைக்கட்டா இருந்தா போடுவாங்க. நீதான் சாமியாச்சே. போயி சூலத்த கையில புடிச்சிகினு நில்லு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அம்மா, தலைக்கட்டாக இல்லாத யாருக்காவது அந்த ஊரில் தெண்டம் போட்டிருக்கிறார்களா?"

"அதெப்படி? அடுத்த ஊர்க்காரன் தப்பு பண்ணா அவன் ஊர்ல போயி சொல்வாங்க. பொம்பள தப்பு பண்ணா புருசனுக்குப் போடுவாங்க. தலைக்கட்டுக்குத்தான் தெண்டம்."

"உறுதியாக?"

"கேளுங்க இந்தாளை."

ஹவில்தார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உரிமை கேட்டு ஒரு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தது தவறான வழி. ஊர் மறுக்க முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும். எந்த நிர்வாகமும் உரிமை கொடுக்க யோசிக்கும். தண்டனை கொடுக்க அவ்வளவு யோசிக்காது.

"அடிதடி போதாது" என்றேன். "அதில் இரண்டு கட்சி இருக்கும், ஒரு கட்சியைத் தண்டித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். உங்களைத் தவிர வேறு யாரும் குற்றவாளி இல்லாத ஒரு குற்றம் வேண்டும்."

பாய் பதறினார். "சார், நம்ம குழு படைவீரர் நலக் குழு!"

"நலனுக்குத்தான் பாய்."

ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்றும், அந்த மாதத்து வெள்ளிக்கிழமைகளிலும் அந்தக் குப்பத்தில் வலை தண்ணீரில் இறங்காது. யாருடைய முறையையும் பறிக்காமல், யாரையும் நஷ்டப்படுத்தாமல் மீறக்கூடிய விதி அது ஒன்றுதான். 1981இல் கூழ் ஊற்றிய அன்று அழைப்பின் பேரில் நானும் அங்கே இருந்தேன். கூழ் நன்றாக இருந்தது. ஊரே கோயிலைச் சுற்றி நிற்கும்போது ஹவில்தார் வீட்டுக் கூரையிலிருந்து அந்த வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து, மச்சான் படகில் ஏறினார். நடையில் பட்டாளம் தெரிந்தது. கரையிலிருந்து எல்லாருக்கும் தெரிகிற தூரத்தில் வலையை இறக்கினார். மூன்று விரல் கையால் வலை நுனியைப் பிடிக்கக் கொஞ்சம் தடுமாறினார், பிறகு பல்லால் கடித்துக்கொண்டார்.

கோயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்த பம்பை மேளம் நின்றுவிட்டது.

"ஐய, இன்னா இது!" என்று ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் பெரியதனக்காரரைப் பார்த்தார்கள். அவர் கூழ்ச் சட்டியைப் பார்த்தார்.

"மரியாதைக்காரரு" என்றார் கடைசியில். "அவரு இஷ்டம். நாம இன்னா சொல்றது?"

பம்பை மறுபடி அடிக்கத் தொடங்கியது. எனக்குக் கூழ் கசந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு படகுகள் ஏரிக்குப் போயின. கேட்டதற்கு, "ஹவில்தாரு போனாரே, அம்மா இன்னா கோச்சிகிச்சா?" என்று அந்த இளவட்டங்கள் பதில் சொன்னார்களாம். அவர்களைத் தண்டிக்கலாம். ஆனால் ஹவில்தாரை விட்டுவிட்டு அவர்களை மட்டும் தண்டித்தால் அவர்களுடைய மாமனார்கள் சும்மா இருக்கப் போவதில்லை. அடுத்த வெள்ளிக்குள் கூட்டம் கூடியது. ஒரு தலைக்கட்டுக்கூடத் தவறவில்லை. பாயும் நானும் ஓரமாக, பார்வையாளர்களாக நின்றோம்.

பெரியதனக்காரர் முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "நீங்க இப்பிடிச் செய்யலாமா? நாலு பேரு பாத்து நடக்கறவங்க..."

"செஞ்சேன்" என்றார் ஹவில்தார். "வர வெள்ளியும் போவேன்."

"அம்மன் நாளுங்க..."

"அம்மனுக்கும் மீன் போவுது, எனக்கும் மீன் போவுது. எங்களுக்குள்ள நாங்க பேசிக்கறோம். நீங்க யாரு நைனா நடுவுல?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. பெரியதனக்காரர் தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"டேய்! இன்னாடா நெனச்சிகினு கீற? உங்கப்பன் என்னாண்ட வலை கத்துகினவன். பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சா பெரிய இவனா நீ? குந்துடா கீழ!"

ஹவில்தார் மணலில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக அந்த ஊரில் அவரை யாரும் உட்காரச் சொல்லி அதட்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுகிறாரோ என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் பார்வையாளர்கள் நகரக் கூடாது.

தெண்டம் போட்டார்கள். கோயிலுக்கு விளக்கெண்ணெய், தேர் இழுக்க ஒரு புது வடக்கயிறு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டதைவிட அதிகம். வழக்கப்படி, தெண்டம் கட்டுகிறவன் பெயரையும் அவன் அப்பன் பெயரையும் சேர்த்து, இன்ன தலைக்கட்டு என்று உரக்கக் கூவினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி, "வடக்கயிறா! அய்யோ, குடி கெட்டுது!" என்று ஊர் கேட்கக் கத்தினார். அது நடிப்பா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில் பாய், "இதுக்கு வாழ்த்துச் சொல்லலாமா சார்?" என்று கேட்டார். இன்னும் உத்தரவு வரவில்லை, பொறுங்கள் என்றேன்.

அன்று மாலையே மூன்றாம் நினைவூட்டை எழுதினேன். தெண்டம் தலைக்கட்டுக்கு மட்டுமே விதிக்கப்படும் என்பது ஊர் வழக்கம். மேற்படியாருக்குத் தெண்டம் விதிக்கப்பட்டு, அவரும் அதற்கு உடன்பட்டுவிட்டார். ஆகவே மேற்படியார் தலைக்கட்டு என்பதை ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. எனவே இந்த ஆண்டுச் சீட்டில் அவர் பெயரைச் சேர்த்து, அந்த விவரத்தைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாழ்நாளில் இதைவிடக் கெட்டியான மனு எழுதியதில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. அத்தோடு சரி.

ஆடி முடிந்தது. அந்தச் சனிக்கிழமை ஹவில்தார் வரவில்லை. அவர் மனைவியும் வரவில்லை. பாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலன்னா என்ன அர்த்தம் சார்?"

"இரண்டு அர்த்தம் இருக்கலாம். பெயர் சேர்ந்திருக்கும். அல்லது மெட்ராசுக்குப் போயிருப்பார்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ஆவணம் இல்லாமல் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை பாய்" என்றேன். அன்று அவர் வரவழைத்த டீ இரண்டும் ஆறிப்போயின.

பிறகு ஒரு தபால் கார்டு வந்தது. பெரியதனக்காரரின் அதே அழகான கையெழுத்து. அந்த ஊர்க் கூட்டம் யாருக்கும் எழுத்தில் கொடுத்த ஒரே பதில் அதுவாகத்தான் இருக்கும்.

'சாருக்கு வணக்கம். சீட்டு குலுக்கியாச்சி. அவன் பேரும் போட்டோம். மூணாவது பாடு விழுந்திச்சி. நல்ல பாடுதான், எனக்கே அது விழல. ரெண்டு நாளா ஆளு அங்கதான் கீறான், ஊட்டுக்கு வான்னா வர மாட்றான். இனிமே ரிஜிஸ்தர் அனுப்ப வேணாம். எங்க தபால்காரரு படகுல ஏறுனா வாந்தி எடுக்கறாரு.'

கார்டில் அவர் தேதி போடவில்லை. வந்து சேர்ந்த நாளை நான்தான் மூலையில் குறித்தேன்: 26.8.1981, புதன்கிழமை.